மொட்டை மாடியும் மேஸ்திரியும்: நம் கூரைகளின் சிறு வரலாறு



சென்ற இதழில் நம் பகுதி ஏரியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மாலை நடையின்போது பலர் நிறுத்திப் பேசினீர்கள். அவர்களில் மூன்று பேர் ஏரியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள். "சார், உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மேஸ்திரி யாராவது இருக்காங்களா? மாடி ஒழுகுது."

நம் காலனியில் பெரும்பாலான வீடுகள் 1970களின் கடைசியில் கட்டியவை. ஏறக்குறைய ஐம்பது வயது. நமக்கு முட்டி வலிப்பதுபோல வீட்டுக்கும் வலிக்கத்தான் செய்யும். என் வீடு 2015 டிசம்பர் மழையில் முதன்முதலாக ஒழுகியது. அன்று முதல் 2024 வரை மூன்று கான்ட்ராக்டர்கள், மூன்று வேலைகள், மொத்தம் 3,42,000 ரூபாய். இதில் முதல் இரண்டு வேலைகளும் வீண். வீண் என்பதைவிட, ஒன்று வீட்டுக்குக் கெடுதலே செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் என்னைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. திருவல்லிக்கேணியில் என் தாத்தா வீட்டுக் கூரை மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. அந்தக் காலத்தில் அவர் மேஸ்திரியோடு எப்படிச் சமாளித்தார்? நமக்கு ஏன் முடியவில்லை? நான் இன்ஜினியர் அல்ல, ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். ஆனாலும் இந்தக் கேள்விக்காகப் படித்ததிலும் விசாரித்ததிலும் ஒரு கதை கிடைத்தது. மழைக்கு முன் அதை உங்களோடு பகிர்ந்துகொள்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

சுண்ணாம்பு, கடுக்காய், மூன்று நாள் அடி

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் சின்ன செங்கல்கள் சாய்வாக அடுக்கியிருக்கும். இதற்கு ஊர் பெயரே வைத்திருக்கிறார்கள், மெட்ராஸ் டெரஸ். கட்டடக் கலைப் பாடப் புத்தகங்களில் இன்றும் இந்தப் பெயர்தான்.

இதற்கான செங்கல் சாதாரணச் செங்கல் அல்ல. ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரே அங்குலக் கனம். அதை விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்காக 45 டிகிரி சாய்வில், சுண்ணாம்புக் கலவையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுக்கொடுத்துப் பலகை அடிக்க வேண்டிய வேலை இல்லை. ஒரு வரிசை இறுகியதும் அடுத்த வரிசை அதைப் பிடித்துக்கொள்ளும்.

அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுமார் மூன்று அங்குலக் கனத்தில் ஒரு படுகை. இங்கேதான் உண்மையான வேலை. சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் அந்தப் படுகையை அடிப்பார்கள். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கை தாளம் தப்பக்கூடாது என்பதற்காகப் பாட்டும் நடக்கும். கட்டை பட்டதும் பள்ளம் விழாமல் எகிறினால் படுகை இறுகிவிட்டது என்று பொருள். அதற்குமேல் சுண்ணாம்புப் பூச்சு அல்லது தட்டோடு.

சென்னைச் சுண்ணாம்புக்கு வெளிநாட்டுப் பயணிகளிடமும் பெயர் இருந்தது. கடல் சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பூசித் தேய்த்தால் சலவைக்கல் போல மின்னும். சூளை, சூளைமேடு, சுண்ணாம்பு கொளத்தூர் என்று நம் ஊர்ப் பெயர்களிலேயே செங்கல் சூளைகளும் சுண்ணாம்புச் சூளைகளும் இன்னும் இருக்கின்றன.

1952-ல் தாத்தா வீட்டுத் தளத்தைப் பிரித்துப் புதிதாகப் போட்டபோது, அவர் மூன்று நாளும் மாடியில் குடை பிடித்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்ததாக அப்பா சொல்வார். பாட்டி கீழேயிருந்து நீர்மோர் கொடுத்தனுப்புவார். கொத்தனார் நாள் கூலிக்கு வந்தவர். செங்கல்லும் சுண்ணாம்பும் தாத்தா வாங்கிப் போட்டது. அடி சரியாக விழுகிறதா இல்லையா என்பது காதில் கேட்கும். ஏமாற்றுவதற்கு இடமே குறைவு, ஏனென்றால் வேலை முழுவதும் கண்முன் நடந்தது.

பழைய வீடுகள் ஒழுகவே ஒழுகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரத்தைக் கரையான் அரிக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மாடியைப் பார்த்து, விரிசலில் சுண்ணாம்பு பூச வேண்டும். ஆனால் சுண்ணாம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மெல்லிய விரிசல் விட்டால் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பே அங்கே போய்ப் படிந்து ஓரளவு தானாகவே அடைத்துக்கொள்ளும். சிமென்ட் இவ்வளவு தாராளமாக மன்னிக்காது.

கான்ட்ராக்டர் வந்த கதை

மேஸ்திரி என்ற சொல்லே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அவர்கள் மொழியில் 'மெஸ்த்ரே' என்றால் தொழிலில் தேர்ந்தவர், ஆசான். ஜன்னலும் சாவியும் அதே கப்பலில் வந்த சொற்கள்தான். மேஸ்திரி நம்மோடு கலந்துவிட்டார். கான்ட்ராக்டர் என்பவர் வேறு ஆள். அவர் சுண்ணாம்பில் கை வைக்கத் தேவையில்லை. ஆள், பொருள், பணம் மூன்றையும் ஒன்றுசேர்த்து, 'இந்தத் தொகைக்கு இந்த வேலையை முடித்துத் தருகிறேன்' என்று சொல்பவர்.

சென்னையில் அப்படிப்பட்டவர்களில் முதலில் பெரிதாகப் பேசப்பட்டவர் பால் பென்ஃபீல்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக 1764-ல் வந்தவர், பிறகு கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். கோட்டை அரண் வேலைகளை எடுத்தார். 1768-ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்குச் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று சென்னை வரலாற்றாசிரியர்கள் இவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். கட்டுவதோடு நிற்காமல் நவாபுக்கு வட்டிக்கும் கொடுத்தார். நவாபின் கடன் விவகாரம் லண்டன் பாராளுமன்றம் வரை போய், 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். அதில் பென்ஃபீல்டுக்கு விழுந்த அடி கொஞ்சமல்ல. இத்தனை சம்பாதித்தவர் 1810-ல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

நவாபின் கடன் எல்லாம் கட்டட வேலையால் வந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் சென்னையின் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் தன் கான்ட்ராக்டரிடமே கடன்பட்டுத் தவித்தார் என்பதைப் படித்தபோது, என் 3,42,000 எனக்குக் கொஞ்சம் சிறிதாகத் தெரிந்தது.

1855-ல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்த பிறகு அரண்மனையை அரசே வாங்கிக்கொண்டது. அந்த வளாகத்துக்குப் பிறகு குடிவந்த துறை எது தெரியுமா? பொதுப்பணித் துறை. கான்ட்ராக்டர்களை எப்படிக் கட்டுப்பாட்டில் வைப்பது என்பதற்கே விதிமுறை எழுதிய துறை.

1850களில் டல்ஹவுசி பிரபு காலத்தில் பொதுப்பணித் துறை உருவானபோது அதற்கு ஒரு சிக்கல் இருந்தது. என் தாத்தா ஒரு மாடிக்குக் குடை பிடித்து உட்காரலாம். ஒரு மாகாணம் முழுவதும் பாலம், ஆஸ்பத்திரி, கச்சேரி என்று கட்டுகிற அரசு எத்தனை இடத்தில் முக்காலி போடும்? அதற்குப் பதிலாகக் காகிதத்தைக் கண்டுபிடித்தார்கள். என்ன வேலை, எந்தப் பொருள், எந்த விகிதம் என்று வரி வரியாக எழுதிய விவரக்குறிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் விலைப் பட்டியல். டெண்டர் போடும்போதே வைப்புத்தொகை. வேலையை அளந்து எழுத அளவுப் புத்தகம், துறையில் 'எம் புக்' என்பார்கள். அதில் பக்கங்களுக்கு எண் உண்டு, கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, தவறு வந்தால் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அளந்து எழுதியதற்கு மட்டும் பில். பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறிப்பிட்ட காலம் கட்டடம் குறையில்லாமல் நின்ற பிறகுதான் கொடுப்பார்கள்.

இந்த ஏற்பாட்டில்தான் பெரிய கான்ட்ராக்டர்கள் வளர்ந்தார்கள். தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார் 1892-ல் முடிந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டினார். கன்னிமரா நூலகமும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் வேலைகளே. 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை லோகநாத முதலியார் கட்டியது. இவை எல்லாம் இன்றும் நிற்கின்றன. அந்தக் கான்ட்ராக்டர்களின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் டேப்பும் புத்தகமும் வைத்துக்கொண்டு நின்றார் என்பதையும் மறக்கக் கூடாது.

பர்மிட் சிமென்ட் காலம்

சுண்ணாம்பின் இடத்தைச் சிமென்ட் பிடித்தது மெதுவாகத்தான். இந்தியாவில் முதல் சிமென்ட் ஆலை முயற்சி 1904-ல் நம் சென்னையில்தான் நடந்தது, ஆனால் தேறவில்லை. 1914-ல் போர்பந்தரில் தேறியது. தமிழ்நாட்டில் டால்மியாபுரம் 1939-லும், திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்து 1949-லும் உற்பத்தியைத் தொடங்கின. அதன்பிறகு கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்த தளம் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. மூன்று நாள் அடி வேண்டாம், ஒரே நாளில் தளம் போட்டுவிடலாம். தளம் போடும் அன்று பூஜை, வேலையாட்களுக்குப் பிரியாணி, மறுநாள் முதல் பாத்தி கட்டித் தண்ணீர்.

நம் காலனியின் மூத்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அப்போது சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்தது. பர்மிட் வாங்கித்தான் மூட்டை எடுக்க வேண்டும். 1982-ல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்து, 1989-ல்தான் முழுவதும் நீங்கியது. அதனால் நம் அப்பாக்கள் மூட்டைகளை எண்ணினார்கள், ராத்திரி காவலுக்குப் படுத்தார்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றார்கள், ஏனென்றால் ஒரு மூட்டை போனால் அடுத்த மூட்டைக்கு மறுபடி தாலுகா ஆபீஸ்.

கான்கிரீட் தளத்தின் மேலும் நம் ஊரில் அந்தப் பழைய செங்கல் ஜல்லிப் படுகையை விடவில்லை. கம்பித் தளம் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டால் சூடு இறங்காது, தண்ணீரும் சட்டென்று கான்கிரீட்டைத் தொடாது. தமிழ்நாடு பொதுப்பணித் துறை விவரக்குறிப்பில் இன்றும் இது இருக்கிறது: 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கூடாது, மரக்கட்டையால் நன்றாக அடித்து, வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு. அதாவது மெட்ராஸ் டெரஸின் மேல் பாதி, நம் ஐம்பது வயது வீடுகளின் மாடியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

1990களுக்குப் பிறகு நாம் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் ஆனோம். மாடியில் நிற்க யாரும் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகை பேசி, கான்ட்ராக்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் வந்தது. நான் சொல்ல வந்ததே இதுதான். தாத்தாவின் முக்காலியை விட்டுவிட்டோம். பொதுப்பணித் துறையின் அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் இல்லாத இடத்தில் கான்ட்ராக்டர் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

என் வீட்டில் நடந்தது

2016-ல் வந்த முதல் கான்ட்ராக்டர் மாடியை ஐந்து நிமிடம் பார்த்தார். "பழசை உடைச்சா ஸ்லாப் அதிரும் சார். மேலேயே புதுசாப் போட்டுடலாம்" என்றார். எனக்கும் அது சுலபமாகத் தெரிந்தது. தூசி இல்லை, செலவு குறைவு. 1,000 சதுர அடிக்கு 90,000 ரூபாய். பழைய தட்டோட்டின் மேல் மூன்று அங்குலம் ஜல்லி, அதன்மேல் புதுத் தட்டோடு.

இப்போது கணக்குப் பாருங்கள். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். மூன்று அங்குலச் செங்கல் ஜல்லிப் படுகை சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. மொத்தம் 13 டன். மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதியில் கூடுதலாக வைத்துக் கணக்கிடும் சுமையே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோதான். வடாம் காயவைக்கவும் பேரன் பட்டம் விடவும் ஒதுக்கிய பலம் முழுவதையும் அந்த ஒரே வேலை தின்றுவிட்டது. 90,000 கொடுத்து நாற்பது வயதுத் தளத்தின் முதுகில் 13 டன் ஏற்றினேன். இரண்டு வருடத்தில் வேறு மூலையில் ஒழுகியது.

2019-ல் இரண்டாமவர். வெள்ளை ரசாயனப் பூச்சு, சதுர அடிக்கு 42 ரூபாய், பத்து வருடக் காரண்டி என்று பளபளப்பான அட்டை. எத்தனை கோட் அடித்தார் என்று எனக்குத் தெரியாது, அன்று நான் ஊரில் இல்லை. இரண்டாம் வெயிலிலேயே தோல் உரிந்தது. அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டால் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது, பேத்தியின் படிப்பு மேஜை மேல் உள்கூரையிலிருந்து கை அகலக் காரை விழுந்தது. நல்ல வேளை, மின்சாரம் இல்லாததால் அவள் கூடத்தில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தாள். விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனது வேறு, இது வேறு.

மூன்றாவதாக வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி. ரேட் கேட்டேன். "ரேட் இருக்கட்டும் சார். மேலே பூசுறதை விடுங்க. தண்ணி எங்கே இறங்குதுன்னு மொதல்ல பாப்போம்" என்றார். மாடியைக் கலவையால் சின்னச் சின்னப் பாத்திகளாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினார். முதல் இரண்டு பாத்தியில் ஒன்றுமில்லை. மூன்றாவது, மழைநீர்க் குழாய் இறங்கும் மூலை. ஐந்து மணி நேரத்தில் கீழே சொட்டியது.

"இந்த ஓட்டையை யார் சார் போட்டது?" என்றார்.

நான்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, கெடுவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு பிளம்பரை வைத்துத் தளத்தைக் குடைந்து குழாய் இறக்கினேன். குழாயைச் சுற்றி வெறும் சிமென்ட் அப்பியிருந்தோம். அது விட்டுப்போய், பன்னிரண்டு வருடம் சிறுகச் சிறுகத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஜல்லிப் படுகைக்கும் தளத்துக்கும் நடுவே ஓடி, வேறு வேறு இடத்தில் எட்டிப் பார்த்திருக்கிறது. திட்டம் நல்ல திட்டம், குடைந்த விதம்தான் தப்பு. முதல் இரண்டு கான்ட்ராக்டர்களையும் திட்டித் தீர்த்த எனக்கு, அவர்கள் பார்க்காமல் விட்ட அந்தத் தப்பை நானே செய்திருந்தேன் என்பது சிரமமாகத்தான் இருந்தது.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரையும் அழைத்துக் காட்டிய பிறகு, இரண்டு படுகைகளையும் எடுத்து, துருவைச் சுரண்டிக் கம்பிகளைச் சரிசெய்து, குழாய் மூலையைப் புதிதாகக் கட்டி, வாட்டம் கொடுத்து ஒரே படுகை போட்டார் மேஸ்திரி. செலவு 2,10,000. 2024 மழையில் ஒரு சொட்டு இல்லை. ஒரு மழை போதாது என்று எனக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நமக்கும் ஓர் அளவுப் புத்தகம்

பொதுப்பணித் துறை பல தலைமுறைகளாகச் செய்வதை ஒரு வீட்டு அளவுக்குச் சுருக்கினால் இவ்வளவுதான்.

1. முதலில் காரணம், பிறகு ரேட். தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஆனால் கம்பி தெரிந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ தண்ணீர் நிறுத்தும் முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

2. மொத்தத் தொகையாகப் பேசாதீர்கள். பழையதை எடுப்பது எத்தனை சதுர அடி, புதுப் படுகை எத்தனை அங்குலம், பூச்சு எந்தப் பொருள், எத்தனை கோட், இடிபாட்டை யார் அகற்றுவது என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

3. பழைய படுகையின் மேல் புதுப் படுகை வேண்டவே வேண்டாம். 13 டன்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. மூடப்போகும் வேலையை மூடும் முன் பாருங்கள். ஊரில் இல்லையென்றால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், வந்த பிறகு அடுத்த கட்டம்.

5. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, வந்த ஆட்கள், வந்த மூட்டைகள், முடிந்த சதுர அடி. மாலையில் இருவரும் கையெழுத்து. நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். என் மேஸ்திரி, "நாளைக்கு என் பேரையும் இது காப்பாத்தும்" என்றார்.

6. பணம் வேலைக்குப் பின்னால் போகட்டும். பொருள் வாங்க அளவான அட்வான்ஸ், பிறகு முடிந்த வேலைக்கு மட்டும். பத்தில் ஒரு பங்கை வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பிடித்துவைப்பதாக முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்.

7. நம் பக்கத்து நியாயமும் வேண்டும். மூன்று கொட்டேஷன் வாங்கி மிகக் குறைந்ததைப் பிடித்து, அதிலும் பத்தாயிரம் குறைக்கச் சொன்னால், குறைவது மூட்டைதான். முடிந்த வேலைக்குச் சொன்ன நாளில் பணம் கொடுங்கள். கைப்பிடிச்சுவர் ஓரம் வேலை செய்பவருக்குப் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் எங்கே உதவும்

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஆனால் வாய்ப்பேச்சை நிரூபிப்பது நம் தலையெழுத்து. 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வீடு கட்டித் தருவதும் 'சேவை'தான் என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தெளிவாக்கியது. இப்போது நடப்பில் உள்ள 2019 சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நம் பிள்ளைகளில் புது ஃப்ளாட் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். என் இரண்டாம் கான்ட்ராக்டர் விஷயத்தில் என்னிடம் பில் இல்லை, ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். அதனால் புகாரும் இல்லை.

மழைக்கு முன்

சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இழந்தது. பொதுப்பணித் துறை அதைச் சிமென்ட் கொண்டு மூடிவிடாமல், சுண்ணாம்பை வைத்தே பழைய முறையில் புதுப்பித்தது. அந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன என்பதற்கு அதுவே சாட்சி. நம் தெருவுக்கு வரும் வயதான கொத்தனாரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள்.

தாத்தா வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. நம்மால் மூன்று நாள் குடை பிடித்து உட்கார முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்க முடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சங்க அலுவலகத்தில் 'கூரைப் பதிவேடு' ஒன்று வைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். எந்த வீட்டில், எந்த வருடம், என்ன வேலை நடந்தது, இரண்டு மழைக்குப் பின் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். "நல்ல மேஸ்திரி யார்?" என்ற கேள்விக்கு என்னைவிட அந்தப் புத்தகம் நேர்மையான பதில் சொல்லும். முதல் பக்கத்தில் என் மூன்று வேலைகளையும், 2003-ல் நான் போட்ட ஓட்டையையும் சேர்த்து, நானே எழுதிவைக்கிறேன். புரட்டாசி பிறப்பதற்குள் நீங்களும் ஒருமுறை மாடி ஏறி, மழைநீர்க் குழாய் மூலையில் சருகு அடைத்திருக்கிறதா, அதைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.